ஊர் ஏரியில் பறவைப் படம் எடுக்க: தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

புதுக் கேமரா கைக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே வேடந்தாங்கலுக்கு வண்டி ஏறுகிறவர்கள் நிறையப் பேர். போய்க் கரையில் நின்றால் பறவைகள் தண்ணீருக்கு நடுவே மரங்களில் இருக்கும். லென்ஸில் எட்டுவது பச்சைக்குள் சில வெள்ளைப் புள்ளிகள். "இதுக்குப் பெரிய லென்ஸ் வேணும்" என்று முடிவு கட்டி, கடன் வாங்கி அதையும் வாங்கி, மறுபடி போய் அதே புள்ளிகளைக் கொஞ்சம் பெரிதாக எடுத்து வருவார்கள்.

புதியவர்களோடு கரையில் நடந்து பார்த்ததில் எனக்குத் தெரிந்தது, படம் கெடுவது பெரும்பாலும் வரிசை மாறுவதால்தான். இடம் முதலில், பறவையின் பழக்கம் அடுத்தது, கேமரா அமைப்பு அதற்கும் பிறகு. கீழே உள்ளதெல்லாம் வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் நம்மூர் ஏரி, குளம், கண்மாய்களை மனதில் வைத்து எழுதியது. மலைக்காட்டுப் பறவைகளுக்கு வெளிச்சமும் தூரமும் வேறு, அது தனிக் கதை.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

கேமராப் பேச்சை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் பலர் அங்கேயே மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். லென்ஸ் மாற்றும் கேமரா என்றால் லென்ஸின் குவியத்தூரம், அதாவது தூரத்தை நெருக்கிக் காட்டும் அளவு, குறைந்தது 300 மி.மீ. எட்ட வேண்டும். ஏபிஎஸ்-சி எனும் சிறிய சென்சார் உள்ள கேமராவில் அது ஏறக்குறைய 450 மி.மீ. போல நெருக்கிக் காட்டும் என்பதால் தொடக்கத்துக்குப் போதும். 150-600 ஜூம் நல்ல லென்ஸ்தான், ஆனால் சுமார் 2 கிலோ எடை. அதைக் கையில் பிடித்து அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வாங்குங்கள். நிக்கான் பி950 போன்ற சூப்பர்ஜூம் கேமராக்கள் 2000 மி.மீ.க்கு இணையாக இழுக்கும். உட்கார்ந்த பறவைக்கு அருமை. பறக்கும் பறவையைப் பிடிக்கத் திணறும், மங்கிய வெளிச்சத்தில் படம் குழம்பும்.

லென்ஸுக்கு முன்னால் வாங்க வேண்டியது ஒரு 8×42 பைனாகுலர். கேமராவின் சின்ன ஜன்னல் வழியே பறவையைத் தேடினால் ஏரியில் என்ன நடக்கிறது என்பதே தெரியாது.

முக்காலி இப்போதைக்கு வேண்டாம். அதை விரித்து, பூட்டி, நிமிர்வதற்குள் பறவை போய்விடும். பழைய ஜீன்ஸ் காலில் ஒரு முழம் வெட்டி, இரண்டு முனையும் தைத்து, உள்ளே ஒரு கிலோ அரிசியோ துவரையோ போட்டால் லென்ஸ் தாங்கும் பை தயார். மதகுச் சுவர், கார் ஜன்னல், தரை, எங்கே வைத்தாலும் ஆடாமல் உட்காரும்.

சட்டை மங்கிய பச்சை அல்லது மண் நிறம். வெள்ளைச் சட்டைக்காரரைக் கொக்கு தூரத்திலேயே பார்த்துவிடும். செருப்பு வேண்டாம், மூடிய காலணி போடுங்கள். கரைப் புல்லில் பாம்பு இருக்கும்.

2. ஒரே ஒரு ஏரியைத் தேர்ந்தெடுங்கள்

வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போகக்கூடிய ஏரியாக இருக்கட்டும். புகழ்பெற்ற சரணாலயத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறை போவதால் அந்த ஒரு நாள் வெளிச்சம் எப்படி அமைகிறதோ அதுதான் படம். பக்கத்து ஏரிக்கு வாராவாரம் போகலாம், எந்தக் கொம்பில் எது உட்காரும் என்பது மனப்பாடமாகிவிடும். கூந்தன்குளம், கோடியக்கரை எல்லாம் கை பழகிய பிறகு போங்கள். கூந்தன்குளத்தில் ஊருக்குள்ளேயே மரங்களில் நாரைகள் கூடு கட்டுவதால் தூரப் பிரச்சினை குறைவு. ஆனால் அங்கே கிடைக்கும் அந்த நெருக்கத்தைப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும்.

செயற்கைக்கோள் வரைபடத்தில் ஏரியைத் திறந்து, கரை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். கடலை நோக்கிக் கிழக்கே சரியும் சமவெளியில் ஏரிக்கரை பெரும்பாலும் கிழக்குப் பக்கமே அமையும், ஏனென்றால் தாழ்ந்த பக்கத்தில்தான் தண்ணீரை மறிக்க வேண்டும். அப்படி ஒரு ஏரி கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். காரணத்தை 7ஆம் படியில் சொல்கிறேன்.

காலமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டி ஏரி நிரம்பியதும் பறவைகள் பரந்த தண்ணீரில் சிதறிக்கிடக்கும், நெருக்கம் கிடைக்காது. தை, மாசியில் தண்ணீர் வடிந்து சேற்று ஓரம் வெளிப்படும்போதுதான் உள்ளான்களும் நெடுங்கால் உள்ளான்களும் கரையோரம் இறங்கும். பங்குனிக்குள் வலசை வந்தவை கிளம்பத் தொடங்கிவிடும். மழை பொய்த்த ஆண்டில் ஏரியைக் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள், கிணற்றுப் பாசன வயல்களுக்குப் போங்கள். உழவு ஓட்டும் டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்குகள் கூட்டமாக வரும், அவ்வளவு நெருக்கத்தில் வேறெங்கும் கிடைக்காது.

அப்புறம், ஏரியில் மீன் குத்தகை எடுத்தவரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். விடியற்காலையில் கரையில் பெரிய கருவியோடு பதுங்கி நிற்கும் ஆளை யாருக்கும் பிடிக்காது. தவிர, மீன்கொத்தி எங்கே உட்காரும், நாரை எப்போது இறங்கும் என்று அவருக்குத் தெரிந்ததில் பாதி உங்களுக்குத் தெரிய ஒரு பருவம் ஆகும்.

3. முதல் சில முறை கேமரா இல்லாமல் போங்கள்

இந்தப் படியைத் தாண்டாதவர் கிடையாது. தாண்டியவர்கள் எல்லோருடைய படத்திலும் பறவையின் முதுகுதான் இருக்கும், துரத்திப் போய் எடுத்தால் அதுதான் கிடைக்கும்.

பைனாகுலரும் சின்ன நோட்டும் போதும். எங்கே உட்கார்கிறது, எத்தனை மணிக்கு வருகிறது, எந்தத் திசையில் பறந்து போகிறது, இவ்வளவுதான் குறிக்க வேண்டும். பெயர் தெரியாத பறவைக்கு மெர்லின் செயலி உதவும், ஆனால் அது சொல்வதை அப்படியே நம்பாமல் பறவைக் கையேட்டில் சரிபாருங்கள்.

பச்சைப் பஞ்சுருட்டானை எடுத்துக்கொள்ளுங்கள். கருவேல மரத்தின் காய்ந்த கொம்பு நுனியில் உட்கார்ந்திருக்கும். சட்டென்று எழும்பி, காற்றில் ஒரு வளைவு வளைந்து, தேனீயைக் கவ்விக்கொண்டு பெரும்பாலும் அதே கொம்புக்கே திரும்பும். வந்ததும் தேனீயை அலகு நுனியில் பிடித்து இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி என்று கொம்பில் அடிக்கும். பிறகு அதன் வால் பக்கத்தைக் கொம்பில் தேய்த்துக் கொடுக்கு, விஷத்தை எல்லாம் நீக்கிவிட்டு, மேலே லேசாகத் தூக்கிப் போட்டு விழுங்கும். இதை ஒரு முறை நிதானமாகப் பார்த்துவிட்டால் பறவைக்குப் பின்னால் ஓட மாட்டீர்கள். கொம்பின் மேல் ஃபோகஸை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள். இந்தப் பொழுதுபோக்கில் பாதிச் சுகம் அந்தக் காத்திருப்பில்தான் என்பது என் கட்சி. படம் வராத நாளிலும் யாரும் இதை உங்களிடமிருந்து பிடுங்க முடியாது.

4. கேமராவை வீட்டிலேயே அமைத்துவிடுங்கள்

கரையில் நின்று மெனுவில் தேடுகிறவர் பறவையைப் பார்ப்பதில்லை. முந்தின இரவே முடித்துவிட வேண்டிய வேலை இது.

மேனுவல் முறையில் வைத்து, சென்சார் வெளிச்சத்தை வாங்கும் அளவான ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடுங்கள். அபர்ச்சர், லென்ஸ் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு, பொதுவாக எஃப் 5.6 அல்லது 6.3. உட்கார்ந்த பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் கீழே போக வேண்டாம். லென்ஸ் நடுக்கத்தை ஸ்டெபிலைசர் தடுக்கும், ஆனால் பறவை தலையை வெடுக்கென்று திருப்புவதை எதுவும் தடுக்காது. பறப்பதற்கு 1/2000.

இப்படி வைத்தால் விடியற்காலையில் ஐஎஸ்ஓ 3200, 6400 என்று ஏறும், புதியவர்கள் பயந்துபோய் ஷட்டரைக் குறைப்பார்கள். வேண்டாம். புள்ளி புள்ளியாக வந்த படத்தைக் கணினியில் ஓரளவு சரிசெய்யலாம், கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடரும் முறையில் இருக்கட்டும். பறவைக் கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் நடுப்புள்ளி ஒன்று மட்டும். எல்லாப் புள்ளிகளையும் திறந்துவிட்டால் கேமரா பறவையை விட்டுவிட்டு முன்னால் இருக்கும் கோரைப்புல்லைப் பிடித்துக்கொள்ளும். லென்ஸில் ஃபோகஸ் எல்லை விசை இருந்தால் தூரத்துக்குத் தள்ளிவையுங்கள், பக்கத்தில் தேடி அலையாமல் சீக்கிரம் பிடிக்கும்.

படம் ரா வடிவில், அதாவது கேமரா மெருகேற்றாமல் சேமிக்கும் கோப்பாக. கொக்கின் வெள்ளையில் போன விவரத்தை ஜேபெக்கில் மீட்பது கடினம், ரா என்றால் கொஞ்சம் இடம் உண்டு.

ஏசி அறையில் தூங்குகிறவர்கள் கேமராப் பையை இரவே வெளி அறையில் வைத்துவிடுங்கள். குளிர்ந்த கண்ணாடி மார்கழி விடியலின் ஈரக்காற்றைப் பட்டதும் பூத்துப்போகும், தெளிவதற்குள் நல்ல வெளிச்சம் போய்விடும். துடைத்தாலும் மறுபடி பூக்கும்.

5. மடையானில் கை பழகுங்கள்

முதல் நாளே மீன்கொத்தி பாய்வதை எடுக்கப் போகாதீர்கள். மடையான் தண்ணீர் ஓரத்தில் அசையாமல் நிற்கும், மெதுவாகக் காலெடுத்து வைக்கும், எல்லா ஊரிலும் உண்டு, காசு கேட்காத மாடல். அதில் ஒரே ஒரு காரியத்தைப் பழகுங்கள்: கண்ணில் ஃபோகஸ். அலகு கூர்மையாக வந்து கண் மங்கினால் படம் செத்தது. கண்ணில் ஒரு வெளிச்சப் பொட்டு விழும் கோணத்தில் தலை திரும்பும்வரை விரலை அடக்குங்கள்.

அடுத்த பயிற்சி வெள்ளைக் கொக்கு, அது எக்ஸ்போஷர் வாத்தியார். கருத்த தண்ணீரின் முன் நிற்கும் கொக்கைக் கேமரா தானாக அளந்தால் தண்ணீரைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கொக்கு சுண்ணாம்பு அடித்த மாதிரி இறகே தெரியாமல் வரும். எக்ஸ்போஷரை 0.7இலிருந்து 1 வரை குறையுங்கள். வெளுத்த வானத்தின் முன் கம்பியில் உட்கார்ந்த கரிச்சானுக்கு நேர்மாறு, 1 முதல் 1.5 வரை கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் கறுப்பு நிழல்தான் கிடைக்கும். விவரம் போய் வெளுத்த இடத்தை மின்னிக்காட்டும் எச்சரிக்கையைத் திரையில் போட்டுவைத்தால் உடனே தெரியும்.

6. நெருங்கும் விதம்

நேராக நடந்து போகாதீர்கள். நேர்கோட்டில் வரும் எதுவும் பறவைக்கு வேட்டைக்காரன்தான். பக்கவாட்டில் சாய்வாக, நாலு அடி வைத்து நின்று, வேறெங்கோ பார்த்து, மறுபடி நாலு அடி. கரையின் விளிம்பில் நிமிர்ந்து நின்றால் வானத்தின் முன் உங்கள் உருவம் பனைமரம் போலத் தெரியும். சரிவில் இறங்கி உட்கார்ந்துவிடுங்கள்.

பறவை உடம்பு சொல்வதைக் கவனியுங்கள். மேய்வதை நிறுத்தியது, கழுத்தை நீட்டியது, உங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பியது, இதில் ஒன்று நடந்தாலும் அங்கேயே நில்லுங்கள். மறுபடி மேயத் தொடங்கினால் அனுமதி கிடைத்த மாதிரி. ஆள்காட்டி கத்த ஆரம்பித்தால் அந்தப் பக்கத்தை அன்றைக்கு மறந்துவிடலாம், அது ஏரி முழுவதற்கும் செய்தி சொல்லிவிடும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: பறவைகள் மனிதனுக்குப் பயப்படும் அளவுக்கு வண்டிக்குப் பயப்படுவதில்லை. வயல் சாலையில் கம்பியில் பனங்காடை இருந்தால் வண்டியை உருட்டியபடி வந்து, எஞ்சினை அணைத்து, கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியே எடுங்கள். இறங்கிய நொடியே பறந்துவிடும்.

உட்கார்ந்த பிறகு இன்னும் கீழே போங்கள். நின்றபடி எடுத்தால் பறவைக்குப் பின்னால் சேறும் குப்பையும் தெளிவாகத் தெரியும். லென்ஸ் பறவையின் கண் மட்டத்துக்கு வந்தால் பின்னணி தூரத்துக்குப் போய் மெழுகினாற்போல் ஆகிவிடும். சேற்றில் படுக்கப் பழைய உரச்சாக்கு ஒன்று பையில் இருக்கட்டும். வேட்டி சட்டையோடு ஏரிக்குப் போன என் நண்பர் ஒருவர் இதை ஏற்கவே மாட்டார், அவர் படத்தில் எல்லாம் கொக்கின் உச்சந்தலை நன்றாக இருக்கும்.

7. வெளிச்சமும் காற்றும்

சூரியன் உங்கள் முதுகில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. கிழக்குக் கரை ஏரியைத் தேடச் சொன்னது இதற்காகத்தான்: காலையில் கரையில் நின்று மேற்கே தண்ணீரைப் பார்த்தால் வெயில் பறவையின் முகத்தில் விழும்.

அதோடு காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பறவை எழும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்த்தே போகும், எதிர்க்காற்றில் மேலெழும்புவது எளிது. மார்கழியில் வாடை வடகிழக்கிலிருந்து வீசும். ஆக, கிழக்குக் கரையில் நிற்கும் உங்களுக்கு வெயிலும் காற்றும் ஒரே பக்கம், முதுகில். நாரைக் கூட்டம் கிளம்பினால் ஏறக்குறைய உங்களை நோக்கியே முகத்தில் வெளிச்சத்தோடு வரும். எதிர்க்கரையில் நிற்பவருக்கு அதே கூட்டத்தின் வால்கள் கிடைக்கும். இரண்டு பேர் கையிலும் ஒரே லென்ஸ் இருக்கலாம்.

சூரியன் எழுந்ததிலிருந்து ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான் நல்ல வெளிச்சம். அதற்குப் பிறகு வெயில் உச்சிக்கு ஏற ஏறக் கண்ணில் நிழல் விழும், தரையிலிருந்து சூடு எழும்பி அலையாடும். தூரத்துப் படமெல்லாம் கூர்மை இல்லாமல் வந்து, லென்ஸ் பழுது என்று கடைக்கு எடுத்துப் போனவர்கள் உண்டு. பழுது காற்றில் இருக்கிறது. அந்த நேரத்தில் கடைக்குப் போய் டீ குடிக்கலாம்.

8. பறக்கும் பறவை

பெரியதிலிருந்து சிறியதற்கு வாருங்கள். கூழைக்கடா நிதானமாக, நேர்கோட்டில் பறக்கும். அது பழகியதும் நாரை, பிறகு கொக்கு, வாத்து. தகைவிலான் கடைசி, சிலருக்கு என்றைக்குமே இல்லை.

ஜூமை முழுவதும் இழுத்துவிட்டு வானத்தில் தேடாதீர்கள். ஜூமைக் குறைத்துப் பறவையைப் பிடித்து, ஃபோகஸ் விழுந்ததும் இழுங்கள். பறவை தூரத்தில் இருக்கும்போதே பின்தொடரத் தொடங்கி, அருகே வந்ததும் மூன்று நான்கு படம் சுடுங்கள். மரவரிசையின் முன்னால் பறக்கும்போது கேமரா மரத்துக்குத் தாவிவிடும், அதனால் தண்ணீர் அல்லது வானத்தின் முன் இருக்கும்போதே பிடித்துவிட வேண்டும்.

உட்கார்ந்த பறவை எச்சமிட்டாலோ, குனிந்து காலை மடக்கினாலோ பெரும்பாலும் அடுத்து எழும்பும். ஷட்டர் 1/2000க்கு மாறியிருக்க வேண்டிய நேரம் அது.

கருப்பு வெள்ளை மீன்கொத்தி மட்டும் நமக்குக் கொஞ்சம் கருணை காட்டும். தண்ணீருக்கு மேலே சிறகை அடித்தபடி ஒரே இடத்தில் நிற்கும், உடம்பெல்லாம் துடிக்க, தலை மட்டும் ஆணியடித்த மாதிரி அசையாது, அலகு நேர் கீழே. சில நொடி அப்படி நின்றுவிட்டுத் தலைகீழாக விழும். பாய்ச்சலைப் பிடிக்க ஆசைப்படுவதற்கு முன் அந்தத் தொங்கலை எடுங்கள்.

9. கூடு கண்ணில் பட்டால்

விலகி வந்துவிடுங்கள். நல்ல படம் கிடைக்கும் என்பது உண்மை, அதனால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப் பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதும் வேட்டை என்ற சொல்லுக்குள் அடங்கும்.

ஆள்காட்டி வெறும் தரையில் கூழாங்கல் நிறத்தில் முட்டையிடும். தாய் உட்கார்ந்து மறைப்பது சூட்டுக்காக மட்டும் அல்ல, கோடை வெயிலில் முட்டை வெந்துபோகாமல் இருக்கவும்தான். வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து குளிர்விக்கவும் செய்யும். நீங்கள் பத்து நிமிடம் பக்கத்தில் நின்றால் அது பத்து நிமிடம் எழுந்து நிற்கும், காக்கை எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருக்கும். கூட்டை மறைக்கும் கிளையை விலக்கிக் கட்டிவைத்து எடுப்பது, செல்பேசியில் பறவைக் குரலைப் போட்டு வரவழைப்பது, ட்ரோன் விடுவது, கல் எறிந்து கூட்டத்தைக் கிளப்புவது, இவற்றைச் செய்கிறவரோடு சேர்ந்து போகாதீர்கள். கெட்ட பெயர் கேமரா வைத்திருக்கும் எல்லோருக்கும் வரும், அடுத்த முறை மீன் குத்தகைக்காரர் உங்களையும் உள்ளே விட மாட்டார்.

10. வீடு திரும்பிய பிறகு

கரையில் நின்றபடி கேமராத் திரையைப் பார்த்துப் படங்களை அழிக்க வேண்டாம். சின்னத் திரையில் எல்லாம் கூர்மையாகத்தான் தெரியும், அதோடு நீங்கள் குனிந்திருக்கும்போதுதான் எதுவும் நடக்கும். கணினியில் முதல் சுற்றில் ஒன்றை மட்டும் பாருங்கள்: கண் தெளிவாக இருக்கிறதா. இல்லாததை எல்லாம் தயங்காமல் தூக்கிப்போடுங்கள். மிஞ்சியதில் தலை நம் பக்கம் திரும்பியவை, அதிலிருந்து பின்னணி சுத்தமானவை. நூற்றுக்கணக்கில் எடுத்ததில் இரண்டோ மூன்றோ தேறினால் நல்ல நாள்.

வெட்டுவதைக் கடைசியில் செய்யுங்கள், பறவை பார்க்கும் திசையில் கொஞ்சம் இடம் விட்டு. நிறத்தைக் கூட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். கொக்கு நீலமாகவும் மீன்கொத்தி பெயின்ட் அடித்ததாகவும் தெரிந்தால் திரும்பி வாருங்கள்.

லென்ஸை ஈரத்தோடு பையில் போட்டு மூடினால் பூஞ்சை பிடிக்கும், கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். மின்விசிறிக் காற்றில் ஆறவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். அரிசி டப்பாவில் வைக்கும் வைத்தியம் வேண்டாம், மாவுத் தூசிதான் உள்ளே போகும்.

படத்தை ஊருக்குக் காட்டும் முன் அதில் இடக்குறிப்பு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஆந்தை பகலில் அடையும் பொந்தும், கூடு இருக்கும் மரமும் நாலு பேருக்குத் தெரிந்தால் அடுத்த வாரம் நாற்பது பேர் நிற்பார்கள். மற்றபடி பார்த்த பறவைகளை எண்ணிக்கையோடு ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பட்டியலாக ஏற்றுங்கள், படத்தையும் அதிலேயே சேர்க்கலாம். பெயர் தவறாக இருந்தால் சரிபார்ப்பவர்கள் கேட்பார்கள், அடையாளம் காண அதைவிட நல்ல பள்ளி கிடையாது. பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கும் இதே பட்டியல்தான் வேண்டும், அப்போது ஏரியில் தண்ணீரும் இருக்கும், உங்களுக்கு விடுமுறையும் இருக்கும்.